கோட்டோரத்தில் விழுந்த அறை

கன்னத்தில் அறை விழுந்தால் முதலில் காதுக்குள் "ஙொய்" என்று ஒரு சத்தம்தான் கேட்கும். வலி அதற்கப்புறம்தான் வரும். அறுபதுகளில், தாராவியில் எங்கள் சடுகுடு அணியை நடத்திய பலசரக்குக் கடை அண்ணாச்சி, ஆட்டத்துக்கு முன் எங்களைக் கோட்டோரம் வரிசையாக நிறுத்தி, ஆளுக்கொரு அறையும் குடும்பத்தை இழுத்து ஒரு வசவும் கொடுப்பார். இதற்கு "சூடேத்துறது" என்று பெயர். கோபம் வந்தால்தான் பயல்கள் ஆடுவார்கள் என்பது அவர் எண்ணம். அந்த எண்ணத்தை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை.

பிள்ளைகளே, என் கூட்டாளி பாண்டிக்கு அது ஒத்துவந்தது. அவன் எதிராளியைப் பிடிக்கிறவன். வசவு வாங்கிய கோபத்தில் காலைப் பிடித்தானென்றால் இரும்புப் பிடிதான். நானோ பாடிப் போகிறவன். ஒரே மூச்சில் "சடுகுடு" பாடிக்கொண்டு எதிர்ப்பக்கம் புகுந்து, ஆளைத் தொட்டு, மூச்சு விடாமல் திரும்ப வேண்டும். அதற்கு நெஞ்சு அடங்கியிருக்க வேண்டும். என்னை மட்டும் விட்டுவிடுங்கள் என்று பல தடவை கெஞ்சியும் பார்த்தேன். "பொட்டப் புள்ள மாதிரி என்னலே கொஞ்சுத?" என்று அதற்கும் ஒரு அறைதான் கிடைத்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பரேலிலிருந்து ஒரு மில் அணி ஆட வந்தது. நன்றாக ஆடுகிறவனுக்கு மில்லில் வேலை என்று சொல்லி அவர்களுடைய மேஸ்திரியும் வந்து உட்கார்ந்தார். எனக்கு வயது பதினேழு. அந்த வேலை கிடைக்காவிட்டால் மறுநாளே அப்பாவோடு தோல் கிடங்குக்குப் போக வேண்டும். அப்பாவும் கூட்டத்தில்தான் நின்றார். அவர் காதில் விழும்படியே அண்ணாச்சி என்னை அறைந்துவிட்டுக் கத்தினார்: "ஒங்கப்பன் நாத்தம் இங்கன வரைக்கும் அடிக்கி. நீயும் அந்தத் தோலத்தாம்லே சொமந்து சாவப்போற!"

கண்ணில் பூச்சி பறக்க உள்ளே பாய்ந்தேன். ஒருவனைத் தொட்டுத் திரும்பியிருந்தால் போதும். கோபம் என்னை மூன்று பேரைத் துரத்த வைத்தது. நடுவிலேயே மூச்சு அறுந்தது. மறுமுறை போனபோது கோபம் வடிந்து பயம் வந்திருந்தது. தாண்ட வேண்டிய கோட்டைக்கூடத் தாண்டாமல் திரும்பி வந்து மறுபடி "அவுட்" ஆனேன். மேஸ்திரி "தம் நஹி ஹை" என்று உதட்டைப் பிதுக்கினார். எனக்கா மூச்சில்லை? வேலை பாண்டிக்குப் போனது.

"சூடு பத்தல, இன்னொண்ணு போட்டுருக்கணும்" என்றார் அண்ணாச்சி. அவரை எதிர்த்து ஒரு சொல் பேசியறியாத அப்பா, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "மூச்சடக்கி ஆடுத பயல மூச்சு வாங்க வச்சிட்டு, இன்னும் சூடு பத்தலங்கிய. நல்லாருங்க அண்ணாச்சி."

மறுநாள் கிடங்குக்குப் போனேன்.

அந்த மைதானத்தில் இப்போது வீடுகள். தோல் கிடங்கும் போய்விட்டது, அந்த மில்லும் போய்விட்டது. அண்ணாச்சி மட்டும் போகவில்லை. போன வாரம் செம்பூரில் உங்கள் பள்ளி ஓட்டப்பந்தயத்தில், கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பெற்ற பிள்ளையையே "மானத்த வாங்காதடா" என்று கத்திய அப்பன்மார் தொண்டையில் எல்லாம் அவர்தான் இருந்தார். ஓடுகிற நேரத்தில் யாராவது உங்களிடம் அப்படிக் கத்தினால், வெளியே போகச் சொல்லுங்கள். அது நானாக இருந்தாலும் சரி.