பதினைந்து விநாடிப் பாட்டு

எங்கள் சட்டைக் கம்பெனியில் அவளுக்குப் பாட்டுக்காரி என்று பெயர். குரல் வளத்துக்காக வைத்த பெயர் அல்ல; தகரத்தில் ஆணி கீறினால்கூட அதைவிட நன்றாக இருக்கும். காலருக்குள் வைக்கும் விறைப்புத் துணியைச் சூடான பிரஸ்ஸில் ஒட்டுவது அவள் வேலை. மூடியைப் பதினைந்து விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். மெஷினில் இருந்த மணி என்றைக்கோ ஊமையாகிவிட்டது. அதனால் ஒரு பாட்டின் இரண்டு வரியை முணுமுணுத்து முடித்ததும் மூடியைத் தூக்குவாள். அளவு பிசகாது.

"கதவை நீ சாத்தினால் வாசலில் கிடப்பேன், போ என்று சொல்லாதே, போதும் அது எனக்கு."

பக்கத்து மேஜையில் காலர் சரிபார்க்கும் எனக்குத் தூக்கத்திலும் அதுதான் ஓடும்.

அவள் புருஷன் போனில் அனுப்பிய பாட்டு அது. காதலித்த காலத்தில் தினமும் அனுப்பினான். ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொண்ட பிறகு, அடித்த மறுநாள் மட்டும். கன்னத்தில் விரல் தடம் இருந்தாலும் பாட்டு வந்துவிட்டால் முகம் பூரித்துவிடும். வராவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. அப்பா, அம்மா அவளைத் தலைமுழுகி இரண்டு வருஷம் ஆகிறது. போக்கிடம் இல்லை என்பது அந்தப் படுபாவிக்கு நன்றாகத் தெரியும்.

போன மாதம் ஒரு விடிகாலையில் அவளை வெளியே தள்ளித் தாழ்ப்பாள் போட்டுவிட்டான். வெயில் ஏறும்வரை வாசலிலேயே கிடந்துவிட்டு, கிழிந்த உதட்டோடு என் அறைக்கு வந்தாள். நான் தனிக்கட்டை, இன்னொரு பாய் விரிக்க இடம் உண்டு.

"இனிமே அந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்கக் கூடாது" என்றேன்.

சரி என்றாள். போனை அவளே கொடுத்துப் பெட்டியில் வைத்துப் பூட்டச் சொன்னாள்.

அதன் பிறகு காலர்கள் தீய ஆரம்பித்தன. கடைசி வார்த்தையை விட மனமில்லாமல் இழுத்துக்கொண்டே நிற்பாள். உள்ளே துணி பழுத்துவிடும். ஐந்தாம் நாள் அறுபது காலர் பாழ். "நாளைக்கும் இப்படின்னா வேற வேலை பாத்துக்கம்மா" என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

சாயங்காலம் அறைக்கு வந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏன்டி, வாசல்ல கிடப்பேன்னு பாட்டு அனுப்புறானே, என்னைக்காவது அவன் கிடந்திருக்கானா? கதவைச் சாத்துனது யாரு? கிடந்தது யாரு?"

அவள் உதடு அந்த வரியை அசைபோட்டது. அப்பாடா, இப்போதாவது உறைத்ததே என்று சந்தோஷப்பட்டேன். மடச்சி நான்.

"நான்தான்க்கா கிடந்தேன்" என்றாள் மெதுவாக. "அப்போ இது நான் பாட வேண்டிய பாட்டு. அவரு மட்டுமே அனுப்பிட்டு இருந்தாரு. நான் ஒரு தடவைகூட அவருக்கு அனுப்பலையே. அதனாலதான் அவருக்கு என்மேல அவ்வளவு கோவம்."

போனைக் கேட்டாள், தரவில்லை. காலில் விழுந்தாள், அப்போதும் தரவில்லை.

"அங்க போனா உன்னைக் கொன்னுடுவான்டி!"

"இங்க இருந்தா மட்டும் உயிரோடவா இருக்கேன்?"

கதவை மறித்து நின்றேன். என் கையை விலக்கிவிட்டு, அழுத முகத்தைத் துடைத்துக்கொண்டு படியிறங்கினாள். கீழே நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். மனசு மாறிவிட்டாள் என்றே நினைத்தேன்.

"நீங்க சொல்லலைன்னா எனக்குக் கடைசிவரைக்கும் புரிஞ்சிருக்காதுக்கா" என்றாள்.