பன்னீரில் கரைந்த மூன்று வரி

கீழ்வேளூரில் சைத்தூன் பீவியைக் கெட்டிக்காரி என்றுதான் சொல்வார்கள். கணவர் லியாகத் அலி பக்கவாதத்தில் பேச்சிழந்து படுத்த பிறகு, பஸ் ஸ்டாண்டில் இறால் வாடா சுட்டு விற்றே ஒரே மகன் முபாரக்கை ஆளாக்கியவள். அவன் பாங்காக்குக்கு வேலைக்குப் போனான். தொண்ணூற்றேழில் அங்கே பண நெருக்கடி வந்து கடைகள் வரிசையாக மூடின. கடிதம் நின்றது. ஏஜெண்டு முகம் கொடுத்துப் பேசவில்லை. பிள்ளை எங்கே இருக்கிறான் என்று தெரிந்தால் போதும். அதற்கு மேல் அல்லாவிடம் அவள் எதுவும் கேட்கவில்லை.

எட்டு மாதம் கழித்து, அங்கிருந்து வந்த யாரோ ஒருவர் வாசலில் நின்றார். "முபாரக் அனுப்பினதாம். பத்திரமா வச்சுக்குங்கம்மா" என்று ஒரு தாளைக் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டார். தடித்த பழந்தாள். கையால் எழுதிய வட்ட வட்டமான கறுப்பு எழுத்து, ஓரத்தில் சிவப்புக் கோடு. அடியில் மட்டும் நீல மையில் மூன்று வரி. அரபு எழுத்து இல்லைதான். ஆனாலும் ஓதி எழுதியது என்று பார்த்தவுடன் அவளுக்குத் தோன்றியது. வாப்பாவுக்காகப் பிள்ளை அனுப்பியிருக்கிறான் என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

நோய் என்றால், பீங்கான் தட்டில் பள்ளிவாசல் ஹஜரத் ஓதி எழுதித் தருவதைப் பன்னீரில் கரைத்துக் குடிப்பது அந்த வீட்டு வழக்கம். இதைக் காட்டினால் வேண்டாம் என்பாரோ என்று பயந்து அவரிடம் அவள் வாயே திறக்கவில்லை. தாளைத் தட்டில் வைத்துப் பன்னீர் ஊற்றினாள். கறுப்பு அசையவில்லை. நீலம் மட்டும் கரைந்தது. பிஸ்மி சொல்லி அந்தத் தண்ணீரை ஸ்பூன் ஸ்பூனாகக் கணவர் வாயில் விட்டாள். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. கெட்டிக்காரி அல்லவா.

இரண்டு மாதத்தில், முபாரக்கோடு வேலை பார்த்த ஜெக்கரியா ஊர் திரும்பினான். உட்காரக்கூட இல்லை.

"ஆள் அனுப்பினீங்களா மாமி?"

"எங்கேன்னு அனுப்புறது தம்பி?"

"அந்தத் தாள்லதானே இருக்கு. காய்ச்சல்ல கெடந்தவனை ஒரு புத்த பிக்கு தன் கோயில்ல வச்சுப் பாத்துக்கிறாரு. வேற தாள் இல்லாம, பழைய வேதச் சுவடியில பிரிஞ்சு கெடந்த ஏடு ஒண்ணுல கோயில் பேரும் ஊரும் எழுதி எனக்குக் குடுத்தனுப்பியிருந்தாரு. யாரையாச்சும் படிக்கச் சொல்றதுக்குள்ள, விசா இல்லைன்னு போலீஸ் வந்து எங்களை அள்ளிக்கிட்டுப் போயிருச்சு. ஊருக்குக் கெளம்பிப் பக்கத்துல நின்னவர் கையில திணிச்சேன். தஞ்சாவூர் யுனிவர்சிட்டியில படிச்சுச் சொல்லுவாங்கன்னு நெனச்சேன்."

மறுநாளே தஞ்சாவூர் போனாள். அந்த எழுத்துத் தெரிந்த பேராசிரியர் ஒருவர் கறுப்பு வரிகளை நிறுத்தி நிதானமாகப் படித்தார். புத்தர் வாக்காம், பிறந்தவர் எவரும் பிரிவுக்குத் தப்ப மாட்டார்கள் என்றிருக்கிறதாம். அடியில் இருந்ததைக் கேட்டாள். வெயிலில் பிடித்துப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றியும் பார்த்தார்.

"இங்க ஒண்ணும் இல்லீங்களேம்மா."

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவளைக் கண்டால் ஊர் சிரிக்கும். இவளைப் பார்த்துச் சிரிக்கவும் யாருக்கும் மனசு வரவில்லை.

வீடு திரும்பியவள் கணவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நம்ம புள்ள இருக்கிற இடம் உங்க வயித்துலதாங்க இருக்கு. நான்தாங்க ஊத்துனேன்."

மருந்து கொடுக்க வந்திருக்கிறாள் என்று நினைத்து லியாகத் அலி வாயைத் திறந்தார்.