பதாகையின் மறுமுனை

புஷ்பமலர் டீச்சர் எந்த வகுப்பிலும் ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டுத்தான் பாடத்தைத் தொடங்குவாள். அவளிடம் பிரெஞ்சு படிக்கும் பிள்ளைகள் அதை வெயிலுக்காக என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆக்லாந்தில் அப்படி என்ன வெயில்!

மன்னாரிலிருந்து பாரிசுக்குப் போய், அங்கே ஒரு புறநகர்ப் பள்ளியில் பிரெஞ்சுப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பித்தவள் அவள். இங்கே வந்து ஆங்கிலப் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு படிப்பிக்கிறாள். அந்தப் பாரிஸ் பள்ளியில் அவளைப் போலவே வருட ஒப்பந்தத்தில் இருந்தவள் மிரேய். ஆசிரியர் சங்கம் என்றால் மிரேய்க்குச் சாப்பாடே வேண்டாம். நூறு வருடங்களுக்கு முன்பு, சங்கம் வைக்கச் சட்டம் இடம் கொடாத காலத்தில், அறிக்கையில் பெயர் போட்டு வேலையை இழந்த வாத்திமாரைப் பற்றிச் சொந்தச் சித்தப்பன்மாரைப் போலக் கதைப்பாள். ஒருவாறு அனுமதி வந்ததும், போர்க்காலத்தில் சங்கங்களைக் கலைத்ததும், திரும்பக் கட்டியவர்கள் பிறகு தங்களுக்குள்ளேயே சண்டைபிடித்துப் பிரிந்ததும் எல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம்.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு அங்கே ஒரு வேலைநிறுத்த நாள். முன்வாசலுக்கு மற்றவர்கள், பின்வாசலுக்கு இவர்கள் இருவர். இரண்டு தடிகளில் கட்டிய துணிப் பதாகை. ஒரு முனை மிரேய்க்கு, மறுமுனை இவளுக்கு. கட்டாயம் வருவேன் என்று கையடித்துச் சொன்ன புஷ்பமலர், விசா புதுப்பிக்கக் கொடுத்திருந்த பயத்தில் விடியவே பள்ளிக்குள் போய்விட்டாள். மாடி ஜன்னலால் எட்டிப் பார்த்தபோது, மிரேய் மறுமுனைத் தடியைப் பின்வாசல் இரும்புக் கேற்றில் கட்டிக்கொண்டிருந்தாள். கட்டிவிட்டு நிமிர்ந்தவள் இவளைக் கண்டாள். கையை உயர்த்தி ஏதோ சொன்னாள். ஜன்னல் சாத்தியிருந்ததால் ஒன்றும் கேட்கவில்லை. புஷ்பமலர் சட்டென்று கீழே குந்திவிட்டாள்.

மறுநாள் மிரேய் வழக்கம்போலக் கோப்பி கொண்டுவந்து கொடுத்தாள். நேற்று என்ன சொன்னாய் என்று இவள் கேட்கவில்லை, அவள் சொல்லவும் இல்லை. ஜூனில் மிரேயின் ஒப்பந்தம் முடிந்தது, அதைப் புதுப்பிக்கவில்லை. இவளுடையதைப் புதுப்பித்து, மிரேயின் வகுப்பறையையே இவளுக்குக் கொடுத்தார்கள். அன்று தொடங்கி எந்த ஜன்னலைப் பார்த்தாலும் கீழே அந்த வாய் அசைகிறது. துரோகி என்றிருக்கும், கோழை என்றிருக்கும். அந்த வாய்க்குள் புஷ்பமலர் திணித்துப் பார்க்காத வசையில்லை.

இந்த வருடம் இங்கேயும் ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் அறிவித்தார்கள். பின்வாசலைப் புஷ்பமலர் கேட்டு வாங்கினாள். இந்த முறை நின்றுவிட்டால் அந்த வாய் மூடிவிடும் என்று நம்பினாள். ஆறு மாதத்துக்கு முன் கணிதம் படிப்பிக்க விசாவில் வந்த பிரியந்தி, "பதாகையின்ர மற்றப் பக்கத்தை நான் பிடிக்கிறன் அக்கா" என்றாள்.

அன்று காலை மாசி என்ற புறநகரில் இருந்த வீட்டை விட்டு இறங்கும்போது கணவன் கிளறன்ஸ் வானத்தைப் பார்த்தான். "மழை வரப்போகுது. நிக்கத்தான் வேணுமே?"

"ஓம். நிக்கத்தான் வேணும்."

எட்டு மணிக்குப் பின்வாசலில் அவள் மட்டும்தான். எட்டரைக்கும் அவள் மட்டும்தான். பிரியந்தி போனை எடுக்கவில்லை. கடைசியில் மறுமுனைத் தடியைக் கேற்றில் வைத்துக் கட்டினாள். இந்த முடிச்சை அவள் மேலேயிருந்து பார்த்திருக்கிறாள். நிமிரப் பயமாக இருந்தது. நிமிர்ந்தாள்.

மாடி ஜன்னலில் பிரியந்தி நின்றாள்.

கோபம் வரட்டும் என்று பார்த்தாள், வரவில்லை. பாவம், பிள்ளை பயந்துபோனாள் என்றுதான் தோன்றியது. கை தானாக உயர்ந்தது. "பரவாயில்லை பிள்ளை! நான் கோவிக்கேல்லை!" என்று கத்தினாள்.

ஜன்னல் சாத்தியிருந்தது. பிரியந்தி கீழே குந்திவிட்டாள்.

மிரேயும் இதைத்தான் சொன்னாளோ? கேற்றைப் பிடித்துக்கொண்டு புஷ்பமலர் வாய்விட்டு அழுதாள். அழுதபடியே, ஆளில்லாத ஜன்னலைப் பார்த்து மறுபடியும் கத்தினாள். "எழும்பு பிள்ளை! எழும்பு!"