சில்லுக்கு ரப்பர் ஒட்டப் போனவன்

பாலத்தைத் தாண்டி வந்த ஒருவர்தான் செய்தி சொன்னார். தவத்தைச் சுட்டுப்போட்டார்களாம். பிறகு, நான் கேட்காமலே, ஒரு காகித மட்டையைப் பற்றியும் சொன்னார். கழுத்தில் தொங்கியதாம். துரோகி என்று எழுதியிருந்ததாம். அதையும் பிழையாக, றகரம் போட்டு.

செத்தவனைப் பற்றிப் பேசுமுன் மட்டையைப் பற்றிப் பேசும் ஊராகிவிட்டோம்.

தவம் என் வகுப்புத் தோழன். கத்தி செய்தவன். வேறு எதுவும் செய்தவனில்லை. உங்கள் குசினிகளில் அவன் கத்தி கிடக்கிறது. ஆகவே ஊரவர் உங்களுக்கே எழுதுகிறேன்.

அவன் பட்டறையின் பெரிய சில்லை, அந்தத் தேய்க்கும் சக்கரத்தைப் பார்த்திருப்பீர்கள். சுளகளவு அகலம். விளிம்பில் ரப்பர். அதன் மேல் தேய்தாள் வார் ஓடும். ஓடும் வாரில் கத்தியின் கன்னத்தை அழுத்துவான். சின்னச் சில்லு இரும்பை ஆழமாகக் குடைந்துவிடும். வெட்டும் வாய் மெலிந்து, எலும்பு பட்டால் உடையும். பெரிய சில்லின் வளைவு மெதுவானது. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஒரு குழிவு, பின்னால் போதிய இரும்பு. "பெரிய சில்லுக்குப் பசி குறைவு மச்சான்" என்பான்.

ஒரு நாள் அந்த ரப்பர் இறுகி வெடித்தது. சுற்றுக்கொரு தரம் சில்லு துள்ளியது. இரும்பில் அலை அலையாய்த் தழும்பு. வேறு வழியில்லாமல் சின்னச் சில்லில் தேய்த்தான். கடற்கரையில் மீன் வெட்டும் பொன்னம்மாக்கா, கொடுவாத் தலையில் வாய் பறந்த கத்தியைக் கொண்டுவந்து அவன் முன்னால் போட்டார்.

"மனே, உன்ட கத்தியவிட இந்த மீன்ட பல்லு பலம்."

எல்லோரும் சிரித்தோம். தவம் சிரிக்கவில்லை.

ரப்பர் ஒட்டத் தெரிந்தவர் காத்தான்குடியில் இருந்தார். லொறி ரயருக்குச் சூட்டில் ரப்பர் ஒட்டும் காக்கா; மூத்த முஸ்லிம் ஆண்களை நாம் அப்படித்தான் கூப்பிடுவோம். அந்தச் சில்லுக்கு முதலில் போட்டுக்கொடுத்தவரும் அவரே. ஆனால் அதற்குள் தமிழர், முஸ்லிம்கள் என்று இரண்டு பக்கமும் பிணங்கள் விழுந்திருந்தன. நம்மவர் அங்கே போவதில்லை. அவர்கள் இங்கே வருவதில்லை. போகாதே என்றேன். நீளமாக, படித்த சொற்களில். அவன் சில்லைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தான்.

"ரப்பர் ஒட்டுறவர் அங்கதான் இருக்கார். இஞ்ச இருந்தா இஞ்ச போயிருப்பன்."

காக்கா கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டுத்தான் பேசினாராம். "எப்பிடி மனே வந்த?" என்றாராம். "சைக்கிள்ளதான் காக்கா" என்றானாம் இவன். அவர் கேட்டது அதுவல்ல என்று இவனுக்குத் தெரியும். பயத்தோடு இருந்த மனிதர் சிரித்துவிட்டாராம். தேத்தண்ணி கொடுத்து, ரப்பர் ஒட்டிக்கொடுத்து, இனி வராதே என்றும் சொல்லி அனுப்பினாராம்.

தவம் மறுபடியும் போனான். நன்றிக்கு ஒரு கத்தி கொடுக்க. ரப்பர் அறுக்கும் கத்தி, ஒரு சாண் நீளம், முனை மழுங்கல். நம் பக்கத்தில் துப்பாக்கி வைத்திருந்தவர்களின் காதில் அது வேறு விதமாக விழுந்தது: எதிரிக்கு ஆயுதம் கொடுத்தான். முனையில்லாத ஆயுதம்.

யாரோ கொண்டுபோய்ச் சொல்லியிருக்கிறார்கள். வெளியூரவர் அல்ல. அந்தக் கத்தியை அவன் பட்டறைக்கு வந்தவர்களிடம்தான் காட்டினான். யாருக்கென்று சொல்லிச் சொல்லிக் காட்டினான். வந்தவர்கள் நாம்.

சாவு வீட்டில் நீங்கள் வேலிக்கு வெளியே நின்றீர்கள். மட்டையைக் கழற்றி அடுப்பில் போட்டவர் பொன்னம்மாக்கா. அவர் வேலிப் பக்கம் திரும்பி, குரல் உயர்த்தாமல் சொன்னார்: "உள்ள வாங்க. அவன் கடிக்கமாட்டான்."

ஒருவரும் வரவில்லை.

காட்டிக்கொடுத்தவர் வீட்டிலும் இன்று மீன் வெட்டியிருப்பார்கள். கத்தி நன்றாகவே வெட்டியிருக்கும். அவன் வேலை அப்படி.

காக்காவுக்கு இன்னும் தெரியாது. நான் போய்ச் சொல்லப்போகிறேன். இதையும் கொண்டுபோய்ச் சொல்ல விரும்புகிறவர் சொல்லட்டும். கடைக் கதவு பாதி சாத்தியிருக்கும். எப்படி வந்தாய் என்று கேட்பார். அதற்கு ஒரு பதிலைத் தவம் எனக்கு விட்டுப்போயிருக்கிறான்.