தலை நுழையாத கவுன்கள்

நான் நாலாம் வகுப்புப் படித்த வருடம் எங்கள் தெருப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து, ஆப்பிரிக்காவில் இருக்கும் முன்பின் பார்த்திராத பிள்ளைகளுக்குக் கவுன் தைத்தார்கள். நான் செய்த ஒரு திருட்டுத்தனம்தான் அந்தக் கவுன்களைக் காப்பாற்றியது. ஆனால் மாட்டிக்கொண்ட நிமிடத்தில் அதை யாரும் அப்படிப் பார்க்கவில்லை.

அப்போது நாங்கள் கரமனையில் ஆற்றுக்குப் பக்கத்துத் தெருவில் வாடகைக்கு இருந்தோம். நாகர்கோவிலிலிருந்து வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அப்பாவுக்குச் சாலைக் கடைத்தெருவில் ஒரு பம்புசெட் கடையில் வேலை. அவருக்கு மலையாளம் வந்துவிட்டது. எனக்குப் பள்ளிக்கூடத்தில் வந்துவிட்டது. அம்மாவுக்கு மட்டும் வரவில்லை. கேட்டால் புரியும், வாயைத் திறக்கமாட்டாள். தப்பாகப் பேசினால் சிரிப்பார்கள் என்று பயம். தெருவில் யார் என்ன கேட்டாலும் தலையை ஆட்டிச் சிரித்துவிட்டு உள்ளே வந்துவிடுவாள். அதனால் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் என்று தெருவில் பேச்சு இருந்தது.

எதிர்வீட்டுச் சேச்சி ஆப்பிரிக்காவில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். லீவில் வந்திருந்தவர், எங்கள் வீட்டில் தையல் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டு ஒருநாள் நேரே உள்ளே வந்துவிட்டார். அம்மா தனக்கு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். சேச்சி கட்டிலில் உட்கார்ந்து அந்த ஆஸ்பத்திரியைப் பற்றிச் சொன்னார். காய்ச்சலோடு வருகிற சின்னப் பெண்பிள்ளைகள் குணமாகி வீட்டுக்குப் போகும்போது உடுத்திக்கொள்ள ஒன்றுமிருக்காது. போர்வைத் துண்டைச் சுற்றிக்கொண்டு போவார்கள். திரும்பிப் போகும்போது கொஞ்சம் கவுன் கொண்டுபோக ஆசை. இரண்டே நிபந்தனைகள். துணி புதிதாக இருக்க வேண்டும், யாரும் போட்டுக் கழற்றியது கூடாது. பட்டன் வைக்கக் கூடாது, வார்டிலிருக்கும் கைக்குழந்தைகள் கடித்து விழுங்கிவிடும்.

"தைச்சுத் தருமோ?" என்று கேட்டார்.

அம்மா வழக்கம்போலத் தலையை ஆட்டிச் சிரித்தாள். சேச்சி அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

மறுநாளே துணி வந்து குவிய ஆரம்பித்தது. மூலை வீட்டு டீச்சர் பூப்போட்ட துணி கொடுத்தார், தன் மிஷினையும் தூசு தட்டினார். அக்கிரகாரத் தெரு மாமி ஓரம் மடித்துக் கைத்தையல் போடுவதாக ஏற்றுக்கொண்டார். வெட்டுகிற பொறுப்பு மட்டும் எங்கள் மாமாவிடம் போனது. மாமா அம்மாவின் தம்பி. வேலை தேடி வந்து எங்களோடு தங்கியிருந்தார். ஊரில் ஒரு தையற்கடையில் ஆறு மாதம் பேண்ட் தைத்தவர் என்று தெரிந்ததும் தெருப் பெண்கள் அவரை 'மாஸ்டர்' என்று கூப்பிட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து மாமா சாப்பிட உட்காரும்போதுகூடக் கழுத்திலிருந்து டேப்பை எடுக்கவில்லை.

என்னை நிற்கவைத்துத்தான் அளவெடுத்தார். தோள், மார்பு, உயரம், கழுத்து. அட்டையில் வரைந்து வெட்டி, அதை வைத்தே எல்லாத் துணியையும் வெட்டினார். நாலாவது கவுன் தைக்கும்போது அம்மாவுக்குச் சின்னதாக ஒரு சந்தேகம் வந்தது.

"ஏலே, கழுத்து இறுக்கமா இருக்குமோ?"

"ஒம் மவ கழுத்தைத்தானக்கா அளந்தேன். நல்லா ரெண்டு விரல் கூட்டித்தான் வெட்டியிருக்கேன்" என்றார் மாமா, டேப்பைச் சரிசெய்துகொண்டு.

அம்மா அதுவரை தைத்ததெல்லாம் ஜாக்கெட்டும் தலையணை உறையும்தான். தம்பி சொன்னால் சரி என்று அடுத்த கவுனைத் தைக்க எடுத்தாள்.

எனக்கு இருந்த வேதனை வேறு. கூடத்தில் கவுன்கள் அடுக்கடுக்காக ஏறிக்கொண்டிருந்தன. அளவு என் அளவு. ஆனால் ஒன்றையும் போட்டுப்பார்க்கக் கூடாது. தொட்டாலே அம்மா, "கையை எடுட்டி, அது புதுசாத்தான் போய்ச் சேரணும்" என்பாள். அதிலும் ஒரு மஞ்சள் கவுன் இருந்தது. கீழே பச்சைச் சுருக்கு, பக்கவாட்டில் ஒரு பாக்கெட். அதை எவளோ ஒருத்தி போட்டுக்கொண்டு திரியப்போகிறாள் என்று நினைத்தாலே எனக்குப் பொறுக்கவில்லை. அவள் போர்வைத் துண்டு சுற்றியவள் என்பது தெரிந்தும் எனக்கு அவள்மேல் இரக்கம் வரவில்லை.

சேச்சி திங்கட்கிழமை விமானம் ஏறவேண்டும். சனிக்கிழமை மத்தியானம் எல்லோரும் எதிர்வீட்டில் பெட்டியைத் தயார் செய்யப் போயிருந்தார்கள். நான் மஞ்சள் கவுனை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனேன். ஒரே ஒரு தடவை போட்டுவிட்டு மடித்து வைத்துவிடுவதாகப் பிள்ளையாரிடம் சொல்லிவிட்டுத் தலைக்குமேல் மாட்டினேன். இரண்டு கையும் சுலபமாகப் போயின. தலை போகவில்லை. இழுத்தேன். நெற்றிவரை வந்து நின்றுவிட்டது. கழற்றப் பார்த்தேன், கை இரண்டும் மேலே தூக்கிய வாக்கில் சிக்கிக்கொண்டன. உள்ளே ஒரே மஞ்சள் வெளிச்சம், புதுத்துணி வாசனை. கிழிந்தால் அம்மா கொன்றுவிடுவாள். கிழியாவிட்டால் மூச்சு முட்டியே செத்துவிடுவேன் என்று தோன்றியது. தட்டுத்தடுமாறி நடந்து மிஷினில் இடித்துக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து வாசலில் மாமாவின் அலறல் கேட்டது. தலையில்லாத கவுன் ஒன்று கையைத் தூக்கிக்கொண்டு நடந்துவந்தால் யார்தான் அலறமாட்டார்கள்?

பின்னாலேயே அம்மா வந்தாள். ஒரே இழுப்பில் கவுனை உருவினாள். காதே கையோடு போய்விட்டதுபோல் இருந்தது. அறைவதற்குக் கையை ஓங்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். கவுனின் கழுத்தைப் பார்த்தாள். என் தலையைப் பார்த்தாள். அடுக்கிலிருந்து இன்னொன்றை எடுத்து என் தலையில் மாட்டினாள். இறங்கவில்லை. இன்னொன்று. அதுவும் இல்லை.

"இவளுக்கு மண்டை பெருசுக்கா" என்றார் மாமா.

"மண்டை வழியாத்தானல சட்டை போடணும்! பட்டனா வச்சிருக்கு தொறக்கதுக்கு?"

அடுத்து அம்மா செய்ததை நான் அதுவரை பார்த்ததில்லை. கவுனைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். எதிர்வீட்டுக் கேட்டைப் பிடித்துக்கொண்டு, எதிலும் தலை நுழையவில்லை என்பதைத் தனக்கு வந்த மலையாளத்தில் உரக்கக் கத்தினாள்.

"சேச்சீ! தலை கேறூல்லா! ஒந்நும் தலை கேறூல்லா!"

உள்ளேயிருந்த பெண்கள் ஓடிவந்தார்கள். முதலில் யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. டீச்சரின் ஐந்து வயதுப் பையனைப் பிடித்து ஒரு கவுனை மாட்டினார்கள். அவனும் மூக்குவரை சிக்கி அழுதான். அப்போதுதான் டீச்சருக்கு விஷயம் புரிந்து சிரிப்பு வந்தது. மாமிக்கு வந்தது. சேச்சி கேட்டிலேயே சாய்ந்துவிட்டார். "தலை கேறூல்லா!" என்று அம்மா சொன்ன மாதிரியே மாமி சொல்லிக் காட்டினார். நான் பயந்துபோய் அம்மாவைப் பார்த்தேன். அவள் கவுனால் வாயைப் பொத்திக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

வழி சொன்னது சேச்சிதான். ஆஸ்பத்திரி உடுப்புக்குப் பின்னால் நாடாதானே? முதுகில் கீறிவிட்டு இரண்டு நாடா வைத்தால் போயிற்று. அன்று மத்தியானமும் மறுநாள் முழுவதும் எங்கள் கூடம் கல்யாண வீடாக இருந்தது. டீச்சரின் மிஷினைச் சைக்கிளில் வைத்து உருட்டிக்கொண்டு வந்தார்கள். மாமாவுக்கு மாஸ்டர் பட்டம் போய், தைத்த நாடாவை உள்பக்கம் வெளியே வரத் திருப்புகிற வேலை கிடைத்தது. அப்பா எல்லோருக்கும் காப்பி போட்டார். யாரோ வீட்டிலிருந்து அவித்த கப்பைக்கிழங்கும் சம்மந்தித் துவையலும் வந்தன. அம்மா மிஷினை மிதித்துக்கொண்டே தப்பும் தவறுமாக மலையாளம் பேசினாள். அவர்கள் சிரித்தார்கள், அவளும் சிரித்துவிட்டு மறுபடி பேசினாள்.

எனக்கும் வேலை இருந்தது. நாடா வைத்து முடிந்த ஒவ்வொரு கவுனும் என் தலை வழியாக இறங்கியாக வேண்டும். போட்டுக் கழற்றக் கூடாது என்ற நிபந்தனையைச் சேச்சியே தள்ளுபடி செய்துவிட்டார். நாற்பதுக்குமேல் புதுக் கவுன் போட்டுக் கழற்றினேன். மஞ்சள் கவுனின் முறை வந்தபோது எனக்குக் காது எரிந்தது. சீக்கிரம் கழற்றினால் போதும் என்றிருந்தது. ஞாயிற்றுக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில் பெட்டி கட்டியாயிற்று. திங்கட்கிழமை சேச்சியும் கவுன்களும் போய்விட்டார்கள்.

ஆனால் பெண்கள் போகவில்லை. சாயங்காலமானால் டீச்சர் வந்துவிடுவார், மாமி வந்துவிடுவார். தைக்க ஒன்றுமில்லை, சும்மா உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். அம்மா எல்லோரையும்விட உரக்கப் பேசினாள். என்னால் டிவி பார்க்க முடியவில்லை. பசிக்கிறது என்றால், "இரு, வாரேன்" என்பாள், வரமாட்டாள்.

ஒருநாள் சமையலறைக்குப் போனேன். அப்பா எனக்குத் தோசை வார்த்துக்கொண்டிருந்தார். கவுன் எல்லாம் போய்விட்டதே, இவர்கள் ஏன் இன்னும் வருகிறார்கள் என்று கேட்டேன்.

அப்பா சட்டென்று என் வாயைப் பொத்தினார். "மெல்லப் பேசு மக்ளே. அவங்க காதுல விழுந்திரப்போவுது" என்று சொல்லிவிட்டு, கூடத்தில் அம்மா பேசிச் சிரிக்கிற சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே நின்றார். தோசை கருகியதுகூட அவருக்குத் தெரியவில்லை.

அப்பாவுக்கு அந்தப் பெண்களைக் கண்டால் பயம் என்றுதான் நான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.