தலைமாட்டில் ஓர் இடம்

சென்னையில் வங்கி வேலை பார்க்கும் என் தங்கை, நான் போனால் ஜவுளிக்கடைக்குக் கூட்டிப்போக மாட்டாள். மியூசியத்துக்கும் படக் கண்காட்சிகளுக்கும்தான் கூட்டிப்போவாள். கருங்கல் என்ற ஊரில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கும் அக்கா நாலு நல்ல படம் பார்க்கட்டும் என்று அவளுக்கு எண்ணம். முதல் இரண்டு தடவை எனக்குக் கால்வலிதான் மிச்சம். மூன்றாம் தடவை, செப்புச் சிலைகள் இருந்த கூடத்தில், மேலேயிருந்து விழுந்த விளக்கு ஒரு சிலையின் கண்ணுக்குக் கீழே கறுப்பாக நிழல் போட்டிருந்தது. இந்த விளக்கை வைத்தவனுக்கு வெளிச்சத்தைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது என்று சத்தமாகவே சொன்னேன். தங்கை யாராவது கேட்டார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்தாள். அன்றைக்குத்தான் எனக்கு அந்த இடங்கள் பிடித்துப்போயின. இங்கேயும் நடப்பது என் தொழில்தானே, நான் ஏன் வாயை மூடிக்கொண்டு நடக்க வேண்டும் என்று தோன்றிவிட்டது.

அதன்பிறகு நான் மூடவே இல்லை. புகைப்படக் காட்சிகளில் சில படங்கள் மங்கலாக இருக்கும், பக்கத்தில் அதற்கு ஒரு பக்க விளக்கம் இருக்கும். அப்படி ஒரு கல்யாண ஆல்பம் கொடுத்தால் பெண்வீட்டார் வந்து என் கடை ஷட்டரை இழுத்துவிடுவார்கள் என்பேன். ஆனால் உப்பளத்தில் நிற்கும் ஒரு பெண்ணின் வெடித்த பாதத்தை மட்டும் எடுத்திருந்த ஒரு படத்தின் முன்னால் அரை மணிநேரம் பேசாமல் நின்றிருக்கிறேன். நான் எடுத்திருக்க வேண்டிய படம் அது. பொறாமையாகத்தான் இருந்தது.

போன வருடம் சென்னையில் ஒரு கண்காட்சிக்காக, வெளி மாவட்டங்களில் ஸ்டுடியோ நடத்துகிறவர்களிடம் படம் கேட்டார்கள். நல்ல கல்யாணப் படமாகப் பார்த்து அனுப்பு என்றாள் தங்கை. நான் அனுப்பியது சாவுப் படம்.

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில், அடக்கத்துக்கு எடுக்கும் முன் பெட்டியைச் சுற்றிக் குடும்பம் முழுவதும் நின்று ஒரு படம் எடுத்துக்கொள்வார்கள். எந்த வீட்டிலும் ஒருவராவது வளைகுடாவில் இருப்பார். எல்லா நேரமும் லீவு கிடைத்துவிடாது. வர முடியாதவருக்கு உரிய இடத்தை விட்டுத்தான் நான் மற்றவர்களை நிறுத்துவேன். வெள்ளைச் சட்டை போட்டு, நான் சொல்லும் பக்கமிருந்து வெளிச்சம் விழ, தலையைக் கொஞ்சம் தாழ்த்தி நின்று ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்வேன். அதைக் கம்ப்யூட்டரில் அந்த இடத்தில் சேர்த்துக் கொடுப்பேன். பெற்ற தாய் பார்த்தாலும் சேர்த்தது தெரியாது. இந்த வேலையில் எனக்குப் பேர் உண்டு. அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது.

நான் அனுப்பிய படம் இனயம் என்ற கடற்கரை ஊரில் எடுத்தது. இறந்துபோனவர் மீன் விற்றுப் பிள்ளைகளை வளர்த்த ஒரு அம்மா. மூத்த மகன் குவைத்தில். படத்தின் இடது ஓரத்தில், பெட்டியின் தலைமாட்டில், அவனுக்கு ஓர் ஆள் அகலத்துக்கு இடம் விட்டிருந்தேன். அங்கே நீலச் சுவர் மட்டும் தெரியும். காட்சிக்கு வைக்க வீட்டார் சம்மதித்தார்கள். அவனையும் போனில் கேட்டேன். அவனைச் சேர்த்துக் கொடுத்த படத்தைச் சொல்கிறேன் என்று நினைத்து முதலில் வேண்டாம் என்றான்.

“நான் இல்லாத படத்தெ வையுங்கக்கா. எனக்க எடம் சும்மா கெடக்குமே, அதெ. நான் வர முடியாமப் போனதெ எல்லாரும் பாக்கட்டும்.”

அப்படியே வைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

படம் தேர்வானது. திறப்பு நாள் காலையிலேயே நானும் தங்கையும் போய்விட்டோம். நான் பட்டுச்சேலை. அங்கே வேலையாக நின்ற மற்றவர்கள் எல்லாரும் கசங்கிய பருத்தி. இரண்டாவது அறையில் என் படம் தொங்கியது. ஒரு நிமிடம் அது என்னுடையது என்றே தெரியவில்லை. இடது பக்கத்தை வெட்டியிருந்தார்கள். பெட்டியின் தலைமாடு சட்டத்தில் போய் முட்டி நின்றது. அவன் இடத்தைக் காணோம்.

கண்காட்சியின் பொறுப்பாளர் மரியாதையான மனிதர். படத்தை மிகவும் பாராட்டினார். ஓரத்தில் இருந்த வெற்றிடம் பார்வையை இழுத்தது, அதனால் எடுத்துவிட்டோம், இப்போது எடுப்பாக இருக்கிறது என்றார். எனக்கு உச்சந்தலை வரை சூடு ஏறியது.

“அந்த எடத்துக்கு ஆளு உண்டு” என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் மாறியது. தவறுதான், உங்களிடம் கேட்டிருக்க வேண்டும் என்றார். முழுப் படத்தைப் புதிதாக அச்சிட்டு வர மறுநாள் ஆகும், இன்று ஒரு நாள் இது இருக்கட்டுமா என்று கேட்டார். முடியாது, இறக்குங்கள் என்றேன். சாயங்காலம் ஆட்கள் வரும்போது சுவர் வெறுமையாக இருக்குமே என்று தயங்கினார்.

“சும்மா கெடக்கட்டும். ஆளு வாறது வரெ எடம் விட்டு வைக்க எனக்குத் தெரியும்.”

தங்கை வழக்கம்போலச் சுற்றுமுற்றும் பார்ப்பாள், என் கையைப் பிடித்து இழுப்பாள் என்று நினைத்தேன். அவள் கைப்பையை என்னிடம் தந்துவிட்டு நேராகச் சுவருக்குப் போய்ப் படத்தின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். பொறுப்பாளர் மறுபக்கத்தைப் பிடிக்க, இருவருமாக இறக்கினார்கள். எனக்கு அவளை நினைத்து அவ்வளவு பெருமையாக இருந்தது.

அன்று சாயங்காலம் அந்தச் சுவரில் ஆணியும் என் பேர் எழுதிய அட்டையும் மட்டும்தான். வந்தவர்கள் அங்கேதான் அதிகம் நின்றார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் தங்கைதான் சொன்னாள். எங்க அக்கா எடுத்த படம், நாளைக்கு வரும் என்று ஆரம்பித்து, இனயத்து வீடு, குவைத்து மகன் என்று ஒன்றும் விடாமல் சொன்னாள். நாலைந்து தடவை சொன்ன பிறகு என்னைவிட நன்றாகவே சொன்னாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மதியத்துக்குள் முழுப் படமும் சுவருக்கு வந்துவிட்டது, நீலச் சுவர் துண்டோடு. குவைத்தில் அவனுக்கு அன்று லீவு. வீடியோவில் கூப்பிட்டு, போனைப் படத்துக்கு நேராகப் பிடித்தேன். கொஞ்சம் இடதுபக்கம் காட்டச் சொன்னான். காட்டினேன். நீலச் சுவர் வந்ததும் அங்கேயே நிறுத்தச் சொன்னான்.

“அம்மைக்க தலமாட்டுலதானே நான் நிக்கேன், அக்கா?”

“ஆமா மக்கா, அங்கதான்” என்றேன்.