வாத்து இறங்கும் இடம்

என் எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பிழையும் இருக்கும். நாலாவது வரைதான் படித்தேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

செஞ்சிப் பள்ளியின் ஓவிய வாத்தியார் ஒடிசலானவர், கழுத்தில் எப்போதும் பைனாகுலர். குளிர்காலத்தில் பனமலை ஏரியில் வாத்துகள் எங்கே இறங்கும் என்று யார் கேட்டாலும் கூட்டிப்போய்க் காட்டுவார். ஒரு மார்கழியில் மெட்ராசுக்குப் பறவை பார்க்கக் கிளம்பினார். நான் அவருக்குப் பக்கத்து வீட்டுக்காரன், அதிகம் பேசாதவன் என்பதால் துணைக்கு அழைத்தார். அடையாறு முகத்துவாரத்தில் இரண்டு நாளும் சிரித்த முகமாகவே இருந்தார்.

திரும்பும் அன்று மெட்ராஸ் சந்தை ஒன்றின் வழியாக வந்தோம். கால் கட்டிய வாத்துகளை விற்றுக்கொண்டிருந்தவன் எழுந்து கும்பிட்டான்.

"இன்னா சார், தெரியலயா? பனமலை ஏரில எடம் காட்டினீங்களே, அங்கதான் வலை போட்டேன். உங்க புண்ணியம். ஒரு ஜோடி எடுத்துக்கினு போங்க, காசு வேணாம்."

"அவுத்து விட்டா பறக்குமா?" என்று வாத்தியார் கேட்டார்.

"றெக்கய வெட்டிட்டேன் சார். கொழம்புக்குத்தான் ஆவும்."

பஸ்ஸில் பக்கத்து ஆள் பைனாகுலரைப் பார்த்துவிட்டு, "நம்ம பக்கம் வாத்து எங்க சார் இருக்குது?" என்றார்.

"எனக்குத் தெரியாதுப்பா" என்றார் வாத்தியார்.

அதன்பிறகு அவர் ஏரிப்பக்கம் போகவே இல்லை. ஆசையாகக் கேட்டவனுக்குக் காட்டியதில் அவர் செய்த தப்பு என்ன என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

எழுதியது 1967, தை இரண்டாம் தேதி.